மலைப்பும் மேற்கொண்ட பணியும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் நிற்பவர் தமிழின் தொன்மையையும் இனிமையையும் போற்றிப் பேசுவது நம்மிடையே நெடுநாளைய வழக்கம். அவ்வழக்கினின்று இன்று சற்றே விலகிப் பேச எனக்கு இசைவு தருமாறு வேண்டுகிறேன். மலைப்பு என்னும் ஒரு மனநிலையைப் பற்றியே பேச விரும்புகிறேன். பெரியதொரு நோக்கத்தை மேற்கொண்டவன், அதன் அளவைக் கண்டு கையும் காலும் ஓடாமல் நிற்கின்றானே, அந்த நிலையைத்தான் சொல்கிறேன். மலை என்ற சொல்லுக்கும் மலைப்பு என்ற சொல்லுக்கும் பிறப்பால் உறவு உண்டா என்பதை மொழிநூல் வல்லார் ஆராயட்டும். உணர்ச்சியால் உறவு உண்டு என்பதை நாம் அனுபவத்தில் அறிவோம்.

பொம்மசந்திராவில் வாழும் நமக்கு இப்பொருள் புதியதன்று. தருமபுரி, கிருட்டிணகிரி, சேலம், வேலூர் எனப் பல ஊர்களிலிருந்தும் அத்திப்பள்ளியைக் கடந்து இங்கு வந்தவர்கள் நாம். ஆலையில் ஒரு வேலை பார்க்கிறோம். அவ்வேலை முடிந்தபின் வேறொரு வேலை நம் நெஞ்சில் காத்திருக்கிறது. ஒருவருக்குப் பாதியில் விட்ட படிப்பு. ஒருவருக்கு ஊரில் எழும்ப வேண்டிய வீடு. ஒருவருக்குத் தம் பெயரில் ஒரு சிறு பட்டறை. பகல்முறை ஒரு கிழமை, இரவுமுறை ஒரு கிழமை என்று உறக்கமே இடம் மாறிக்கொண்டிருக்கும் வாழ்க்கையில், நெஞ்சில் காத்திருக்கும் அந்த இரண்டாவது வேலைக்கு எந்த நேரத்தை ஒதுக்குவது?

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். பெயர் வேண்டா. கடைசல் இயந்திரத்தில் பணி புரிபவர். நல்ல கைத்திறன் உடையவர். அவர் கையில் நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று இருந்தது. அதன் முதல் பக்கத்தில் ஐந்து செய்திகள் எழுதியிருந்தார். அஞ்சல்வழிப் பட்டப்படிப்பை முடிப்பது, அரசுத் தேர்வு எழுதுவது, தங்கையின் திருமணக் கடனை அடைப்பது, ஊரில் கூரையை மாற்றி ஒட்டு வீடாவது கட்டுவது, கன்னடம் எழுதப் படிக்கக் கற்பது ஆகியவையே அவை. ஐந்தும் நல்லவை, எதையும் பேராசை என்று சொல்ல இயலாது. "ஐயா, புத்தகத்தைத் திறந்தால் கடன் நினைவு வருகிறது. கடன் கணக்கைப் பார்த்தால் தேர்வு நினைவு வருகிறது. கடைசியில் ஒன்றும் செய்யாமல் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே தூங்கிவிடுகிறேன்" என்றார்.

அவருக்கு நான் சொன்ன விடையை இன்று நினைத்தாலும் நாணுகிறேன். முயன்றால் முடியாதது இல்லை என்றேன். உறுதி வேண்டும் என்றேன். பெரியோர் சிலர் பெயரையும் அடுக்கினேன். அவர் பணிவோடு கேட்டுக்கொண்டார். நோட்டுப் புத்தகத்தை என் மேசைமேலேயே மறந்து வைத்துவிட்டுச் சென்றார். மூன்று கிழமைக்குப் பின் கேட்டபோது, பாடநூல்களை நண்பர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். படிப்பு நின்றது.

திருக்குறளில் வினைத்திட்பம் என்பது அறுபத்தேழாம் அதிகாரம். அதனை அடுத்து நிற்பது வினைசெயல்வகை. உறுதியைச் சொன்ன வள்ளுவர் அதனோடு நிறுத்தவில்லை. உடனே செய்யும் வகையைச் சொல்லப் புகுந்தார். நானோ அறுபத்தேழோடு நின்றுவிட்டேன். மலைத்து நிற்பவனிடம் உறுதியை மட்டும் சொல்வது, சுமை தாங்காமல் தள்ளாடுபவன் தலைமேல் இன்னும் ஒரு சுமையை ஏற்றுவது போன்றது. இதனை நான் பின்னரே உணர்ந்தேன். அன்று அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இன்று இந்த அவையில் சொல்ல முயல்கிறேன்.

அதற்கு நான் துணையாகக் கொள்வது டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்களின் வாழ்க்கை. அவர் புகழ் அறியாதார் இல்லை. ஆனால் நாம் அறிந்தது பெரும்பாலும் தலைப்பாகை அணிந்த முதியவரின் படம்தான். நான் சொல்லப் போவது இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவரைப் பற்றி.

1855-ஆம் ஆண்டு பிறந்த ஐயர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங் கேட்டவர்; 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். குடும்பத்திற்கு ஒரு நிலையான வருவாய் வந்துவிட்டது. அவ்வளவில் மன நிறைவு கொண்டிருந்தால் யாரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள், வியாழக்கிழமை, அவ்வூருக்கு முனிசீப்பாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். என்ன நூல்கள் படித்தீர் என்று முதலியார் வினவினார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று ஐயர் நெடிய பட்டியல் ஒன்றைச் சொன்னார். முதலியார் முகத்தில் வியப்பில்லை. இவற்றுக்கெல்லாம் முற்பட்ட நூல்களைப் படித்ததுண்டா, சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் அந்நூலைக் கண்ணாலும் கண்டதில்லை.

அன்பர்களே, அத்தனை ஆண்டு உழைத்துப் பெற்ற கல்வி ஒரு பிற்பகலில் சிறுத்துப்போன அந்த நொடியை எண்ணிப் பாருங்கள். நம்மில் பலர் அங்கே ஒன்று சினங்கொள்வோம்; அல்லது நமக்கெதற்கு என்று திரும்பிவிடுவோம். நூல் கிடைத்தால் படித்துவிடலாம் என்ற துணிவோடு ஐயர் இருந்தார். சில நாளில் முதலியார் தம்மிடமிருந்த கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தார்.

உண்மையான மலைப்பு அதன் பிறகுதான் தொடங்கியது. துணிவு என்பது பெரும்பாலும் அளவு தெரியாமையால் வருவது. சீவகசிந்தாமணி 3,145 செய்யுட்களைக் கொண்டது; பதின்மூன்று இலம்பகங்கள். செய்யுள் ஒருபுறம் இருக்க, நச்சினார்க்கினியர் உரை மற்றொருபுறம். கதை தெரியவில்லை, சமண சமயக் கோட்பாடுகள் தெரியவில்லை, உரையாசிரியர் மேற்கோள் காட்டும் அடிகள் எந்த நூலைச் சேர்ந்தவை என்பதும் தெரியவில்லை. ஏடுகளோ, புள்ளியும் இல்லை, காலுக்கும் ரகரத்திற்கும் வேறுபாடும் இல்லை, செய்யுள் முடிந்து உரை தொடங்கும் இடமும் காணமுடியாது என்ற நிலையில் இருந்தன. படிக்கப் படிக்க அறிவு பெருகவில்லை, அறியாமையே பெருகியது.

இங்கேதான் நான் சற்று நின்று பேச விரும்புகிறேன். மலைப்பைக் கோழைத்தனம் என்று நாம் எண்ணிவிடுகிறோம். அஃது அன்று. ஒரு பணியின் உண்மையான அளவு முதன்முதல் கண்ணில் படும்போது உண்டாவதே மலைப்பு. தொலைவிலிருந்து பார்ப்பவனுக்கு மலைப்பு இல்லை. அடிவாரத்திற்கு வந்து சேர்ந்தவனுக்குத்தான் மலைப்பு. ஆகவே அது வந்துவிட்டது என்பதாலேயே நாம் தகுதியற்றவர் என்ற முடிவுக்கு வரவேண்டியதில்லை. அது வந்தபின் என்ன செய்கிறோம் என்பதே வினா.

ஐயர் முதலில் செய்தது, தெரிந்தவரைத் தேடிச் சென்றது. கும்பகோணத்திலேயே சமணர்கள் வாழ்ந்தார்கள். அவர்களுள் ஒருவர் வீட்டுக்கு அவர் அழைத்துச் செல்லப்பட்டார். வாயிலில் தோரணமும் கோலமுமாக இருந்தது. விசேடம் யாது என்று கேட்டார். அவ்வீட்டில் சிந்தாமணியை முறையாகப் படித்து வந்ததாகவும், அது நிறைவுற்ற விழா அது என்றும் விடை வந்தது. தாம் இருளில் தடவிக்கொண்டிருந்த நூலை, சில தெருக்களுக்கு அப்பால் ஒரு குடும்பம் விளக்கேற்றி வைத்துப் படித்துக்கொண்டிருந்தது! அன்று முதல் சைவச் சூழலில் வளர்ந்த அந்த ஆசிரியர், சமண அன்பர்களிடம் மாணவராகி ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார். கல்லூரியில் பிறர்க்குப் பாடஞ் சொல்பவர், மாலையில் பிறரிடம் பாடங் கேட்பவராக இருப்பதற்கு எவ்வளவு பணிவு வேண்டும்! நம் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். மலைப்பில் பாதி, கேட்க வெட்கப்படுவதால் வளர்வது.

அடுத்து, அவர் குறிப்பெழுதினார். நினைவையே நம்பி அவர் இருக்கவில்லை. உரையில் வரும் மேற்கோள்கள், அருஞ்சொற்கள், பாட வேறுபாடுகள் ஆகியவற்றைத் தொகுத்து எழுதிக்கொண்டார். பல பிரதிகளைத் தேடிப் பெற்று ஒன்றோடொன்று ஒப்புநோக்கினார். மூவாயிரம் செய்யுளும் ஒரே சமயத்தில் அவர் முன் நிற்பதில்லை. இந்த மாலையில் இந்தச் செய்யுள், இந்தச் சொல்லுக்கு இந்த ஏட்டில் இன்ன பாடம், அந்த ஏட்டில் இன்ன பாடம். அவ்வளவே அன்றைய வேலை. நெஞ்சில் கிடந்தால் மலையாக இருப்பது, தாளில் இறங்கினால் வரிசையாகிவிடுகிறது.

நம் இளைஞரும் எழுதித்தானே வைத்திருந்தார் என்று நீங்கள் கேட்கலாம். உண்மை. ஆனால் அவர் எழுதியது முடிவுகளை. 'பட்டப்படிப்பை முடிப்பது' என்பது ஒரு நாள் மாலையில் செய்யக்கூடிய வேலையன்று. அதை எழுதி வைத்துப் பார்க்குந்தோறும் மலைப்பு மிகுமேயன்றிக் குறையாது. 'இரண்டாம் பாடத்தில் பத்துப் பக்கம்' என்று எழுதியிருந்தால் அன்றே அதன்மேல் ஒரு கோடு கிழித்திருக்கலாம். அந்த நோட்டுப் புத்தகத்தை இப்போது புரட்டிப் பார்க்கிறேன். முதல் பக்கம் தவிர மற்றவை வெறுமையாக இருக்கின்றன.

நிற்க. ஐயர் வாழ்க்கையில் நான் மிகவும் போற்றுவது வேறொன்று. உரையில் வரும் மேற்கோள்களின் மூலத்தைத் தேடிச் சென்றபோது, பத்துப்பாட்டு முதலிய பழைய நூல்களின் ஏடுகள் அவர் கைக்கு வந்தன. ஒரு புதையலைத் தோண்டப் போனவன் பல புதையல்களைக் கண்ட கதை அது. நம்மைப் போன்றவராயின் என்ன செய்வோம்? அதையும் தொடங்குவோம், இதையும் தொடங்குவோம், இரண்டையும் இழப்போம். ஐயரோ அவற்றைச் சிந்தாமணிக்குத் துணையாகப் படித்தார். அச்சேற்றும் முறை அவற்றுக்கு வரும்வரை காத்திருந்தார். சிந்தாமணி 1887-இல் வெளிவந்தது. பத்துப்பாட்டு 1889-இல். சிலப்பதிகாரம் 1892-இல். புறநானூறு 1894-இல். மணிமேகலை 1898-இல். இந்த ஆண்டுகளை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். ஒன்றன்பின் ஒன்று. அவருடைய மேசைமேல் பல ஏடுகள் இருந்திருக்கலாம். ஆனால் முடிக்க வேண்டியது என்று ஒரு நேரத்தில் இருந்தது ஒன்றே. நம் இளைஞரின் ஐந்தில் நான்கிற்கு, 'உங்கள் முறை பின்னர் வரும்' என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு என்பதை நான் சொல்லியிருக்க வேண்டும். ஒத்திவைப்பது வேறு, கைவிடுவது வேறு. கடனுக்கு மட்டும் ஒத்திவைப்பு இல்லை. அது மாதந்தோறும் தன் முறையைத் தானே கேட்டு வாங்கிக்கொள்ளும்!

ஏழு ஆண்டுக் காலமும் ஐயர் கல்லூரி வேலையை விடவில்லை என்பதையும் கருத வேண்டும். இரவுகளிலும் விடுமுறைகளிலும் நடந்த பணி இது. அச்சு வேலை சென்னையில். ஆசிரியர் வேலை கும்பகோணத்தில். திருத்த வேண்டிய அச்சுத்தாள்கள் தபாலில் வரும். திருத்தித் தபாலில் போகும். காகிதத்துக்கும் அச்சுக்கும் பணம் வேண்டும். முன்பணம் தருவதாகக் கையொப்பமிட்டவரெல்லாம் தந்துவிடுவதில்லை. இதற்கிடையில், பழந்தமிழ் நூல்களைப் பதிப்பிப்பதில் முன்னோடியாகிய சி. வை. தாமோதரம் பிள்ளை, சிந்தாமணியைத் தாம் பதிப்பிக்க எண்ணி அதனை ஐயரிடம் கேட்டார். சுமையை இறக்கி வைக்க இதைவிட நல்ல சமயம் வாய்க்குமா? கேட்பவரோ தகுதியில் ஐயுறவுக்கு இடமில்லாதவர். ஆயினும் தாம் தொடங்கியதைத் தாமே முடிப்பது என்று ஐயர் நிலைகொண்டார்.

முடித்த பதிப்பு குறையற்றதா? அவரே அவ்வாறு கருதவில்லை. மேலும் ஆராய்ந்து 1907-இல் இரண்டாம் பதிப்பையும், 1922-இல் மூன்றாம் பதிப்பையும் வெளியிட்டார். முப்பத்திரண்டு வயதில் வெளியிட்டதை ஐம்பத்திரண்டு வயதில் திருத்தினார். எல்லாம் செம்மையான பிறகே வெளியிடுவேன் என்று 1887-இல் உட்கார்ந்திருந்தால், அந்த நூல் எந்த ஆண்டு நம் கைக்கு வந்திருக்குமோ! முழுமையை இன்றே காணவேண்டும் என்னும் ஆசையும் மலைப்புக்கு ஒரு தாய்.

ஐயரைச் சொல்லி இளைஞர்களை மீண்டும் அச்சுறுத்துவதாக யாரும் எண்ணக் கூடாது. மன உறுதியைப் பற்றி மட்டும் அன்றி, வலியறிதல், காலமறிதல் என்றும் வள்ளுவர் அதிகாரங்கள் வகுத்திருக்கிறார். இரவு முறை முடித்து வந்தவன் உறங்கவேண்டும். உறக்கத்தை வெட்டிப் படிப்பில் ஒட்டுவது வெற்றிக்கு வழியன்று. இயந்திரத்தின் முன் நிற்பவனுக்கு அது கைவிரலுக்கே கேடு. மலைப்பு நாள்கணக்கில் நீங்காமல், உணவும் உறக்கமும் கெட்டு, வாழ்வே வெறுத்துப்போகுமானால், அதற்கு மேடைப் பேச்சு மருந்தாகாது, மருத்துவரை நாடவேண்டும். இதில் வெட்கம் ஏதுமில்லை. காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போக யாரும் நாணுவதில்லையே!

இன்னொருவரைப் பற்றியும் சொல்லவேண்டும். சங்கத்தார் என்ற முறையில் இது நமக்கு நெருங்கிய செய்தி. தமிழில் 'அபிதான சிந்தாமணி' என்னும் பெருங்களஞ்சியத்தைத் தொகுத்தவர் ஆ. சிங்காரவேலு முதலியார். சென்னையில் தமிழாசிரியராக இருந்துகொண்டே, பல்லாண்டு உழைத்து, தனி ஒருவராகத் தொகுத்தார். தொகுத்தபின் அதனை அச்சேற்றும் செலவைக் கண்டு நின்றார். உழைப்பால் கடக்க முடிந்த மலையைக் கடந்தாயிற்று. உழைப்பால் மட்டும் கடக்க முடியாத மலை எதிரே நின்றது. அப்போது கைகொடுத்தவர், 1901-இல் மதுரைத் தமிழ்ச்சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர். 1910-இல் நூல் வெளிவந்தது. பிற்காலத்தில் தமிழ் வளர்ச்சிக் கழகம் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டபோது, பெரியசாமித் தூரன் தலைமையில் ஒரு குழுவே உழைத்தது. முதல் தொகுதி 1954-இல் வந்தது. ஒன்பதாம் தொகுதி 1963-இல். இணைப்பாகிய பத்தாம் தொகுதிக்கு 1968 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குழு இருந்தும் அத்தனை ஆண்டுகள்!

சங்கம் என்ற சொல்லுக்குக் கூட்டம் என்பதுதானே பொருள்? ஆண்டுக்கு ஒருமுறை கூடி, பட்டிமன்றம் கேட்டு, பொங்கல் உண்டு கலைவது மட்டும் கூட்டமாகாது. தனித்து நின்று மலைப்பவனுக்கு அருகில் ஒரு நாற்காலி இட்டு இன்னொருவர் அமர்வதும் கூட்டமே. அந்த இளைஞர் என்னிடம் வந்த இரவில் அவருக்கு வேண்டியிருந்தது என் சொற்பொழிவன்று. ஒரு மேசை, ஒரு விளக்கு, அப்பாடத்தை முன்பே எழுதித் தேறிய ஒருவர், இவ்வளவே. இவை மூன்றும் இந்தச் சங்கத்திடம் இருந்தன. நாம் அவற்றைப் பூட்டி வைத்திருந்தோம்.

ஓசூர்ச் சாலையில் செல்லுந்தோறும் மேலே பார்க்கிறேன். சில்க் போர்டு சந்திப்பில் பேருந்துக்குள் நின்று புழுங்கிய ஆண்டுகளில், அந்த மெட்ரோத் தூண்கள் எப்போது ஒன்றோடொன்று கூடும் என்று நாம் பேசாத நாளில்லை. 2025 ஆகஸ்டு 10-ஆம் நாள், ராஷ்ட்ரிய வித்யாலயா சாலையிலிருந்து நம் பொம்மசந்திரா வரை பதினாறு நிலையங்களோடு அப்பாதை திறக்கப்பட்டது. அதன்கீழ் நின்ற நாட்களில் என் கண்ணில் பட்டதெல்லாம் ஒரு தூணும், அதைச் சுற்றிய தகர வேலியும், தலைக்கவசம் அணிந்த நாலைந்து பேரும்தான். பாதை முழுவதையும் தூக்கிக்கொண்டு ஒருவர் நிற்பதை நான் கண்டதில்லை.

செயற்குழுவின் இசைவு பெற்று ஒரு சிறு ஏற்பாட்டை இங்கே அறிவிக்கிறேன். நம் சங்க அறை இனி ஞாயிறுதோறும் திறந்திருக்கும். படிப்பவர் வந்து படிக்கலாம். தேர்வு எழுதித் தேறிய இருவர் முறைவைத்து வந்து அமர இசைந்திருக்கிறார்கள். அண்டை வீட்டுக் கன்னட நண்பர் ஒருவர், எழுத்துக் கற்பிக்கத் தாமாகவே முன்வந்தார். அவருக்கு நம் நன்றி உரியது. சுவரில் ஒரு கரும்பலகை இருக்கும். வருபவர் அந்தக் கிழமையில் முடிக்கப் போகும் ஒன்றே ஒன்றை அதில் எழுதவேண்டும். வாழ்நாள் இலட்சியங்களை அதில் எழுத இடமில்லை, பலகை சிறியது. நானும் எழுதுவேன். நெடுநாளாகத் தள்ளிப்போட்ட என் ஊர்வரலாற்றுக் குறிப்பில் இரண்டு பக்கம்.

அந்த இளைஞரைச் சென்ற மாதம் சந்தித்தேன். இரவு முறைக்குச் சென்றுகொண்டிருந்தார். நின்று பேச நேரமில்லை. நோட்டுப் புத்தகம் என்னிடம் இருக்கிறது என்றேன். சிரித்தார். வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றார், நாள் குறிப்பிடவில்லை. அதைச் சங்க அறை மேசையின் இழுப்பறையில் வைத்திருக்கிறேன். வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு அறை திறக்கப்படும். சாவி செயலாளரிடம் இருக்கிறது.